ரயிலடிக் கன்னியம்மா

“கன்னியம்மா சேலையைக் குடுங்கப்பா. எனக்கு வேணும்.”

வாழைமரம் வெட்ட ஆள் அனுப்பும் விஷயமாகத் திருநாவுக்கரசு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். மகள் கேட்டது காதில் விழுந்ததும் பேச்சு அப்படியே நின்றுபோனது. அந்தப் பக்கம் இருந்தவன் ‘அண்ணே, அண்ணே’ என்று கத்துவது கூடம் முழுக்கக் கேட்டது.

குசினியிலிருந்து விமலா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். “அடியே! வாயக் கழுவுடி மொதல்ல. கேக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

சொல்லித்தான் வளர்த்திருந்தாள். சாமி மேடைக்கு மேலே பலகையில் ஒரு மூங்கில் பெட்டி இருக்கும். அதற்குள் கன்னியம்மாவுக்கு வைத்த சேலை இருக்கும். தை மாசப் பூசைக்குப் புதுச்சேலை உள்ளே போகும், போன வருசத்துச் சேலை வெளியே வரும். வெளியே வந்ததை அப்பா யாரிடம் நீட்டுகிறாரோ அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டவள் கழுத்தில் தாலி ஏறாது, ஏறினாலும் தங்காது. பாலர் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு அந்த மஞ்சள் சேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாயிலேயே அடி வாங்கியவள் புனிதா. அதற்கப்புறம் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“நாளைக்குப் பூசைய வச்சுக்கிட்டு இன்னிக்கு வந்து நிக்கிறா பாரு,” என்றார் அப்பா. “யூனிவர்சிட்டி போய்ட்டு வந்தா சாமிகிட்டயும் சட்டம் பேசணுமோ?”

“எனக்குக் கட்டிக்க இல்லப்பா. அத்தைக்குப் போடணும், பொறந்த வீட்டுக் கோடி. தெமியாங்ல குமுதவல்லி அத்தை செத்துக் கெடக்கு.”

விமலா சிரித்துவிட்டாள். பயத்தில் வருகிற சிரிப்பு. “ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்காடி? அவ செத்து எத்தன வருசம் ஆச்சு!”

அப்பா சிரிக்கவில்லை. உளறாதே என்று அதட்டவும் இல்லை. கைப்பேசியை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“எப்ப?” என்றார்.

புனிதா எத்தனையோ பதிலுக்குத் தயாராக வந்திருந்தாள். அடிப்பார், அழுவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என்றெல்லாம் மோட்டார் சைக்கிளில் வரும் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தாள். இந்த ஒரு சொல்லுக்கு அவள் தயாராக இல்லை.

அந்தச் சொல் அவளை ஏன் அப்படிச் சுட்டது என்பதற்கு மெராவான் ஸ்டேசன் கதையைச் சொல்லியாக வேண்டும்.

லுக்குட்டிலிருந்து சிரம்பான் போகும் பழைய ரோட்டில் பாதியில் இறங்கி, செம்பனைக் காட்டுக்குள் போனால் ஸ்டேசன் வரும். வெள்ளைக்காரன் ரப்பர் ஷீட் ஏற்றிக் கொண்டுபோகப் போட்ட கிளைப்பாதை அது. மரக்கட்டடம், தகரக் கூரை, டிக்கெட் கொடுக்க ஒரு பொந்து, ஒரே ஒரு மேடை. மண்ணை வெட்டியது, கல்லை உடைத்தது, கட்டையைச் சுமந்தது எல்லாம் தமிழாட்கள்தான். போட்ட பாதையில் ஏறிப் போக அவர்களுக்குத்தான் போக்கிடம் இல்லை. மிஞ்சிப்போனால் சம்பளம் போட்டதும் லுக்குட்டுக்குச் சாமான் வாங்கப் போவார்கள். பிள்ளைப்பேறு சிக்கலானால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரும்போது வெறும் கையோடு வருவார்கள்.

பிறகு ரோடு அகலமானது, பஸ் வந்தது, ஆளேற்றும் ரயில் நின்றது. எண்ணெய் டாங்கி இழுக்கும் கூட்ஸ் கொஞ்ச காலம் கத்திக்கொண்டு போய்வந்து அதுவும் ஓய்ந்தது. தண்டவாளத்தை யாரோ பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது லயத்து வீடுகள் போயின, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் போனது, மாரியம்மன் கோயில் போனது. தமிழ்ப்பள்ளி பெயர்ப்பலகையைத் தூக்கிக்கொண்டு வேறு தாமான் குடியிருப்புக்குப் போய்விட்டது. ஸ்டேசன் மட்டும் நின்றது. மேடையின் கடைசியில் காட்டு மரம் ஒன்றின் அடியில் செங்கல் நட்டு மஞ்சள் பூசியிருந்த கன்னியம்மா இருந்ததால்தான் அதுவும் நின்றது. எத்தனையோ குத்தகைக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தனும் புல்டோசரை அந்த மரத்துக்குக் கிட்டே கொண்டுவரத் துணியவில்லை.

கன்னியம்மா வேறு யாருமில்லை, அப்பாவின் அக்கா குமுதவல்லி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மகள். பெடாஸில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்த நேரத்தில் மேடையோரம் நின்று ரயில் வருவதை எட்டிப் பார்த்தவள் கால் இடறி விழுந்தாள். கல்யாணமாகாமல் செத்த பெண் வீட்டைக் காக்கும் தெய்வமாவாள் என்பதால் குடும்பத்தார் விழுந்த இடத்திலேயே கல் நட்டு வருசா வருசம் சேலை வைத்துப் படையல் போட்டார்கள். முதலில் வீட்டுப் பூசையாக இருந்தது லயத்துப் பூசையானது. லயம் போன பிறகு லுக்குட், சிரம்பான் என்று சிதறிப்போன ஆட்கள் எல்லாரும் காடி பிடித்து வந்து கும்பிடும் பூசையானது. இந்தக் கதையைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்க்கப்பட்டவள் புனிதா. அவள் பேரே கன்னியம்மாவிடம் வேண்டிப் பெற்றதற்கு வைத்த பேர்.

போன வருசம் ஒரு கம்பெனி அந்த ஸ்டேசனைக் குத்தகைக்கு எடுத்தது. கூரையை மாற்றி, பழைய ரயில் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, உள்ளே கோப்பிக் கடை வைக்கப்போகிறார்கள். வருகிறவர்கள் படிப்பதற்குச் சுவரில் ஸ்டேசன் வரலாறு வேண்டுமாம். வரலாறு படித்துப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தை வைத்து எந்த வேலையும் கிடைக்காமல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த புனிதாவிடம் அந்த வேலை வந்தது. உயிரைக் கொடுத்து எழுதினாள். குமுதவல்லி செத்ததையும் எழுதினாள். அந்தப் பகுதியைப் பேஸ்புக்கில் போட்டு, ‘யாரிடமாவது அந்தக் காலத்துப் படம் இருந்தால் அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தாள்.

தெமியாங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ரோகினி என்ற பெண் அவளை அழைத்தாள். “அக்கா, ஒங்க ஸ்டேசன் கதையில செத்துப்போன பொண்ணு இங்கதான் இருக்கு. சாம்பார்ல உப்பில்லைன்னு காலையிலேர்ந்து சண்ட போட்டுக்கிட்டு இருக்கு.”

போனாள். சன்னலோரக் கட்டிலில், ஒரு கால் முட்டிக்குக் கீழே எடுக்கப்பட்டு, அப்பாவின் மூக்கோடு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தது.

“நாந்தான் லா சாமி,” என்றது. “கும்பிட்டுக்க.”

புனிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எவன்கூட ஓடுனேன்னுதான கேக்கப் போற? எவனும் இல்ல. அதான் அவங்களுக்குத் தாங்கல. ஒருத்தன்கூடப் போயிருந்தா பிடிச்சு வெட்டியிருப்பாங்க, இல்ல கட்டி வச்சிருப்பாங்க. பொட்டப்புள்ள தனியா டிக்கெட் எடுத்து சிரம்பான் பேக்டரி வேலைக்குப் போயிருச்சுன்னா என்னா பண்றதுன்னு தெரியல. அதான் கொன்னுட்டாங்க.”

பெடாஸ் மாப்பிள்ளை பெண்டாட்டி செத்தவன், சொந்த லாரி வைத்திருந்தவன், மண்டோருக்கு வேண்டியவன். அவனுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டியிருந்தது. குமுதவல்லி ஏறிப் போன ரயில் அன்றைக்கு ஸ்டேசனைத் தாண்டியதும் பால்காரர் மாட்டை அடித்துவிட்டது. தண்டவாளத்தில் ரத்தம் கிடந்தது. மண்டோர் அந்த ரத்தத்தைக் காட்டிவிட்டார். லயத்தில் இருந்தவர்களுக்கு மாடு செத்ததும் தெரியும், பெண் போனதும் தெரியும். மண்டோர் வாயிலிருந்து வந்ததை எவன் மறுத்துப் பேசுவான்? அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதை நம்பினார்கள். பேரப்பிள்ளைகள் தீச்சட்டி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு புனிதா வாராவாரம் தெமியாங் போனாள். அத்தைக்குத் தெய்வமாக இருப்பதில் ஏகப்பட்ட குறை.

“எனக்கு என்னா படைக்கிறாங்க?”

“சக்கரைப் பொங்கல், அதிரசம், பால்கோவா.”

“அடப்பாவிகளா! இனிப்புநீர்ல கால எடுத்துட்டாங்க எனக்கு. சேல என்னா கலரு?”

“மஞ்சள்.”

“நான் கறுப்பு லா. எனக்குப் போய் மஞ்சளா? நீலம்னா எனக்கு உசுரு. ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல பாரு.”

அதனால்தான் இந்த வருசம் சிரம்பானுக்குச் சேலை எடுக்கப் போனபோது புனிதா ஒற்றைக்காலில் நின்று அம்மாவை நீலச்சேலை எடுக்க வைத்தாள். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்ததும் அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கன்னிக்கு மஞ்சள்தான வழக்கம்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியில் வைத்தார்.

அத்தை இன்னொன்றும் சொல்லியிருந்தது. “கால் நல்லா இருந்தப்ப ஒரு வருசம் நானே பூசைக்குப் போனேன். பஸ் பிடிச்சு, மரத்தடி வரைக்கும் நடந்து, வரிசையில நின்னு எனக்கு நானே கும்பிட்டுக்கிட்டேன். ஒங்கப்பன்தான் திருநீறு வச்சான். கை அப்படி நடுங்குச்சு. பாவம், அந்த வயசுலயே நரம்புத் தளர்ச்சி போல.”

அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி கிடையாது. காலமெல்லாம் செம்பனைக் குலை லாரியைச் சேற்றுப் பாதையில் ஓட்டியவர். புனிதா அதை அன்றைக்கு யோசிக்கவில்லை. அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார், அந்த நம்பிக்கையை உடைப்பது பாவம் என்றே நினைத்தாள். அத்தையும் “சொல்லாத” என்றுதான் சத்தியம் வாங்கியிருந்தது. “நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா அவன் பாவம், சாமிய எங்க கொண்டுபோய் வைப்பான்? விடு. நான் போனதுக்கப்புறம் அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு சேலைய மட்டும் கொண்டாந்து மேல போடு. எத்தன வருசமா எனக்குன்னு வாங்குறாங்க. ஒண்ணுகூட ஒடம்புல பட்டதில்ல.”

அதனால்தான் ‘எப்ப’ என்று அப்பா கேட்டபோது புனிதாவுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

“நேத்து சாயந்திரம்,” என்றாள். “ஒங்களுக்குத் தெரியும். இருக்காங்கன்னு தெரியும்.”

“சத்தம் போடாத. வெளிய ஆளுங்க இருக்காங்க.”

“தெரியுமா இல்லையா?”

விமலா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “என்னாங்க சொல்றா இவ? அவங்க இருந்தாங்களா? அப்ப நான் யாருகிட்டங்க வேண்டுனேன்? கலஞ்சு கலஞ்சு போச்சேன்னு ஈரத்துணியோட அந்த மரத்தச் சுத்தி வந்தேனே, யாரச் சுத்தி வந்தேன்?”

“நீ சும்மா இரு விமலா. இது நேரம் இல்ல.” திருநாவுக்கரசு எழுந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மரத்தடிக் கோயில் கமிட்டித் தலைவராகப் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார். “இங்க பாரும்மா புனிதா. பந்தல் போட்டாச்சு. சமையலுக்குச் சொல்லியாச்சு. ஊர் ஊரா ஆளுங்க கெளம்பி வர்றாங்க. ரெண்டு நாள் பொறு. ஐஸ் பெட்டிக்கு நான் ஏற்பாடு பண்றேன். பூசை முடிஞ்சதும் சத்தமில்லாம நானே வந்து எல்லாத்தையும் முடிச்சு வைக்கிறேன்.”

“சத்தமில்லாம. அதான் லா நம்ம குடும்பத்துக்குக் கைவந்த வேல.”

“தீட்டுன்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு?” அவர் குரல் உடைந்தது. “கூடப் பொறந்தவ செத்தா நான் கோயிலுக்குள்ள கால் வைக்கக் கூடாது. கோயில்ல இருக்கிறதே அவ. நான் போய் என்னான்னு சொல்வேன்? கன்னியம்மா செத்துட்டா, அதனால கன்னியம்மாவுக்குப் பூசை இல்லைன்னா? சொல்லு, நீதான் படிச்சவ, எழுதிக் குடு, அப்படியே போய்ப் படிக்கிறேன்.”

புனிதாவுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. தெமியாங்கில் அந்தக் கட்டில் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

“அந்தக் கம்பெனிக்காரன் எதுக்காக நம்ம மரத்த விட்டு வச்சிருக்கான்?” அப்பா விடவில்லை. “பொண்ணு செத்த எடம்னுதான. நீ எழுதுன போர்டுதான அத இப்பவும் காப்பாத்துது. இந்தத் தோட்டத்துல நம்ம ஆளுங்க பேர்ல ஒரு கல்லு நிக்குதா, காட்டு. லயம் இருக்கா? பள்ளிக்கூடம் இருக்கா? அவ ஒருத்திதான் நிக்கிறா. நான் நிக்க வச்சிருக்கேன்.”

அதில் உண்மை இல்லாமல் இல்லை. புனிதாவுக்கும் அது தெரியும். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“கல்ல நிக்க வச்சீங்க. ஆளு நேர்ல வந்து வரிசையில நின்னப்ப நெத்தியில திருநீறு பூசி அனுப்பிட்டீங்க. கை நடுங்குச்சாமே.”

திருநாவுக்கரசு தன் வலது கையைப் பார்த்தார். அதை மடியில் வைத்து, மேலே இடது கையை வைத்து மூடிக்கொண்டார்.

“பாவம், நரம்புத் தளர்ச்சி போலன்னு சொன்னாங்க,” என்றாள் புனிதா. “ஒங்களுக்கு அடையாளம் தெரியலன்னே நெனச்சுக்கிட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. அது ஒண்ணுதான் அவங்களுக்குக் கெடச்ச நல்லது.”

குசினியில் எதுவோ தீய்ந்த வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

“நான் ஒங்ககிட்ட அனுமதி கேக்க வரலப்பா,” என்றாள். இப்போது குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். “இல்லத்துல கையெழுத்துப் போட்டுட்டேன், அண்ணன் மகள்னு. இல்ல, தம்பி மகள். அதக்கூட மாத்தி எழுதிட்டேன், ரோகினிதான் திருத்துனா. இன்னிக்கு மத்தியானம் மின்சுடலைக்குக் கொண்டு போறோம். கொள்ளி நான் வைக்கிறேன். கம்பெனிக்கும் காலையிலயே சொல்லிட்டேன், எழுதுனது தப்பு, மாத்துங்கன்னு. இந்த ஸ்டேசன்ல ஒரு பொண்ணும் சாகல. இங்கேர்ந்து ஒரு பொண்ணு தனியா டிக்கெட் எடுத்து ரயில் ஏறிப் போச்சு. அப்படித்தான் சுவத்துல இருக்கும்.”

“மரத்த வெட்டிருவான்டி.”

“வெட்டட்டும்.”

அந்த மரத்தடியில்தான் அவளுக்கு மொட்டை போட்டார்கள். அங்கேதான் காது குத்தினார்கள். யூனிவர்சிட்டிக்குப் போவதற்கு முன்னால் அங்கே உட்கார்ந்துதான் அழுதாள்.

முக்காலியை இழுத்துச் சாமி மேடைக்கு முன்னால் போட்டு ஏறினாள். முக்காலிக்கு ஒரு கால் குட்டை, ஆடியது.

“தொடாத,” என்றார் அப்பா. எழுந்திருக்கவில்லை.

விமலா எழுந்தாள். வந்து மகளைப் பிடித்து இழுக்கப்போகிறாள் என்று புனிதா பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விமலா குனிந்து முக்காலியை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

பெட்டிக்குள் போன வருசத்து மஞ்சள் சேலை மேலே இருந்தது. கற்பூர வாசம் அடித்தது. புனிதா அதை எடுத்தாள்.

“பழசப் போடாத,” என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “கோடின்னா புதுசுதான். அந்த நீலத்த எடு.”

“விமலா!”

“நாளைக்கு வேற வாங்கி வச்சுக்குங்க, யாருக்கு வைக்கணுமோ அவங்களுக்கு,” என்றாள் விமலா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் முக்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது.

புனிதா நீலச்சேலையோடு இறங்கினாள். வாசல் வரைக்கும் போனவள் கடைசி முறையாகத் திரும்பினாள்.

“கோடி கூடப்பொறந்தவன் கையால விழணும்ப்பா. காடி ஓட்ட முடியலன்னா என் மோட்டார்ல பின்னால ஒக்காருங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. அந்த நேரத்தில் மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. அது அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரம் வரைக்கும் நகர்ந்தது. திருநாவுக்கரசு மகளைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைத்தார்.

“ஆ, சொல்லுப்பா,” என்றார். “வாழமரம்… ஆமா. ரெண்டு பக்கமும் கட்டிரு.”

புனிதா கதவைத் திறந்து இறங்கி, பின்னால் சாத்தினாள். வெளியே கமிட்டிச் செயலாளர் ராமசாமி, மாவிலைத் தோரணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்னாம்மா புனிதா, பசியாறிட்டியா? அப்பா உள்ளதான? நாளைக்குப் பொங்கல் பானைய யாரு எறக்குறதுன்னு கேக்கணும்.”

“எங்க வீட்டாளுங்க யாரும் எறக்க முடியாது அங்கிள். தீட்டு. சாவு விழுந்திருச்சு.”

ராமசாமியின் கையிலிருந்த சப்பாத்து நழுவியது. “ஐயையோ! யாரும்மா?”

“குமுதவல்லி. அப்பாவோட அக்கா.”

அவர் தலையாட்டினார். ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கு அது உறைத்தது. தோளில் கிடந்த தோரணத்தைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார். “எந்தக் குமுதவல்லி? எம்மா… புனிதா, எந்தக் குமுதவல்லி?”

அவள் சேலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தாள்.